பெண் பச்சோந்தியின் கூண்டு

எங்கள் லாரிப் பட்டறையில் பிரேக் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம். முதலாளி மீதே ஸ்பேனரை விட்டெறிந்தவர். வண்டி எடுக்க வந்த ஒருவனின் பல்லைப் பெயர்த்தவர். அதே மனிதர் வீட்டில் தம் பச்சோந்திகளுக்குத் தீனி கொடுப்பதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். வெட்டுக்கிளியை இரண்டு விரலில் நீட்டிக்கொண்டு, அந்த நாக்கு வந்து கொத்தும்வரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார்.

ஆணும் பெண்ணும் தனித்தனிக் கூண்டில். ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்று நடுவே அட்டை வைத்திருந்தார். முதலில் வாங்கிய ஜோடியை, விற்றவன் பேச்சைக் கேட்டு ஒன்றாகத்தான் போட்டார். பெண் தீனி எடுக்காமல் மூலையில் ஒடுங்கியே செத்துப்போனது. அதன் பிறகு, பெண் பச்சையாக அமைதியாக இருக்கும் நாளில் மட்டும் கொஞ்ச நேரம் சேர்ப்பார். அது கறுத்து வாயைப் பிளந்தால் உடனே பிரித்துவிடுவார்.

"அவ வேணாங்கறா. அதுக்கு மேல என்ன பேச்சு," என்பார்.

பச்சோந்திக்குச் சொன்ன நியாயத்தை மகளுக்குச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. புருஷன் முறித்த கையில் மாவுக்கட்டோடு அவள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். கூட்டிப்போக அவன் வந்தான். பஞ்சாயத்துப் பேச அவளுடைய தாய்மாமன் வந்தார். துணைக்கு நானும் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரே வீட்டுக்குள்ள இருந்தா எல்லாம் தானா சரியாயிடும் மச்சான். தனியா இருந்தாத்தான் பகை வளரும்," என்றார் மாமன்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மகள் ஒற்றைக் கையால் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

மருமகன் ஜெயித்த சந்தோஷத்தில் எழுந்து கூண்டுகளிடம் போனான். "இதுங்களையும் பிரிச்சு வெச்சிருக்கீங்களே மாமா," என்று சிரித்தபடி ஆணைத் தூக்கிப் பெண்ணின் கூண்டுக்குள் போட்டான்.

பெண் பச்சோந்தியின் வயிற்றில் முட்டை இருந்தது; அந்த நேரத்தில் அது ஆணை அண்டவிடாது. கறுத்துச் சீறியது. கிளையில் முன்னும் பின்னும் ஆடியது. ஆண் விடாமல் ஏறிற்று. பெண் அதன் காலைக் கவ்வியது. ஆண் பெண்ணின் முகத்தைக் கவ்வ, இரண்டும் கட்டிப் புரண்டு விழுந்தன. மெக்கானிக் பாய்ந்து கையை விட்டார். ஆண் அவர் விரலைக் கிழித்தது. பிரித்து எடுத்தபோது பெண்ணின் ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தக் குழிதான் இருந்தது.

"பாத்தீங்கல்ல, பொட்டைதான் மொதல்ல கடிச்சது," என்றான் மருமகன்.

மகள் நிமிர்ந்தாள்.

"அவ பாட்டுக்கு அவ இருந்தா. உள்ள விட்டது நீதானே?"

எங்கள் எல்லார் முன்னாலும் அவன் அவளை அறைந்தான். அவள் சுவரில் மோதி, மாவுக்கட்டுப் போட்ட கை அடியில் சிக்க விழுந்தாள். அவள் கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மெக்கானிக் கூண்டருகிலிருந்து எழுவதற்குள் தாய்மாமன் முந்திக்கொண்டார். ஒரே வீட்டுக்குள் இருக்கச் சொன்ன அந்தப் பெரிய மனுஷர், அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினார். மூக்கு உடைந்தது. மறுபடி மோதினார்.

"விடுங்க மாமா," என்று எழுந்து வந்தாள் மகள். "செத்துகித்துத் தொலைச்சான்னா அதுக்கும் நான்தான் அழணும்."

அவரை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். அவன் வாசலைத் தாண்டியதும் உள்ளே தாழ் போட்டாள்.