மீட்டருக்கு மட்டும் ஜன்னல்

கோவில்பட்டியில் காதுள்ள ஒரு மனுஷனைத் தேடி அலைந்தவன் பூவனலிங்கம். கடைசிவரை கிடைக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். அதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

என் தையல் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. பசுவந்தனைக்காரன். ரேடியோ ரிப்பேரில் சாப்பாடு ஓடியது, மனசு மட்டும் ஆம்ப்ளிஃபயரில் கிடந்தது. எண்பத்து மூன்றில், ஒரு வருஷம் மல்லுக்கட்டி ஒன்றைச் செய்து முடித்தான். 'கிளாஸ் ஏ' என்பான். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது முழுக் கரண்டையும் இழுத்துக்கொண்டு, தொட்டால் கை பொத்துப்போகும் அளவுக்குச் சுடும்.

"டீக்கடை பாய்லர் மாதிரி வே சிவனாண்டி. ஆள் வந்தாலும் வராட்டாலும் கொதிச்சிக்கிட்டே கெடக்கணும். அப்பதான் சின்னச் சத்தங்கூடப் பிசிறில்லாம வரும். காத்து மட்டும் தாராளமா படணும்" என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பான்.

முகப்பில் இரண்டு பவர் மீட்டர், இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று; எவ்வளவு வாட்டு போகிறது என்று ஊசி காட்டும். அதற்குக் கீழே, பித்தளைத் தகட்டில் அவனே வெட்டிய அவன் பெயர். ஒரு வீட்டில் இது பாடி, நாலு பேர் கேட்டு, யார் செய்தது என்று விசாரித்தால் போதும். ரேடியோ ரிப்பேரைத் தலைமுழுகிவிடலாம் என்றிருந்தான்.

வாங்க வந்தவர் பருத்தி வியாபாரி சங்கரபாண்டி. பாட்டு ஆரம்பித்ததும் மனுஷன் உட்கார்ந்து கேட்க வேண்டாமா? குனிந்து மீட்டரையே பார்த்தார்.

"ஊசி ஏன்வே செத்துக் கெடக்கு?"

"வீட்டுல கேக்குததுக்கு அரை வாட்டே போதும் அண்ணாச்சி. பத்து வாட்டு மீட்டர்ல அது தெரியாது. ஊசி ஆடுத அளவுக்குக் கூட்டுனா நீங்க வீட்டுல இருக்க ஏலாது."

"எம்மச்சான் வீட்டுப் பெட்டியில என்னா ஆட்டம் ஆடுது! ஆடுனா வைய்யும், இல்லன்னா தூக்கிட்டுப் போயிரும்."

அந்த மச்சான் வீட்டுப் பெட்டியை நானும் கேட்டிருக்கிறேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம். அதுதான் இவருக்கு உரைகல்!

பூவனலிங்கம் பெட்டியைத் திறந்தான். ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலிருந்து மீட்டரைப் பிரித்து, பாட்டு உள்ளே நுழைகிற இடத்தில் சேர்த்தான். ஊசி துள்ளியது. சங்கரபாண்டிக்கு வாயெல்லாம் பல்.

"பொய் மீட்டர் வே. உள்ள வருததத்தான் காட்டும். வெளிய எதுவுமே போவலன்னாலும் ஆடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தெருவில் காறித் துப்பினான்.

மறுவாரம் சங்கரபாண்டியின் மனைவி ராமலட்சுமி என் கடைக்கு வந்தார். "கரிசத் தூசி அப்புது. பெட்டிக்கு வெல்வெட்டுல ஒரு உறை தச்சிருங்க. ஊசி மட்டும் தெரியுத மாதிரி ரெண்டு ஜன்னல் வச்சிருங்க."

காற்றுப் படவேண்டும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வாடிக்கை போய்விடுமே என்ற பயம். சரிகை வைத்து அருமையாகத் தைத்துக் கொடுத்தேன். த்தூ!

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டில் காதுகுத்து. நாங்கள் இருவரும் போனோம். வீடு நிறைய விருந்தாளிகள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசல்படியிலேயே பூவனலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. நேரே போய் இடது ஸ்பீக்கரில் காதை வைத்தான். மூச்சில்லை. பெட்டிமேல் என் உறை. கருகிய வெல்வெட் நாற்றம். இடது ஊசியோ குதித்துக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் எப்ப நின்னுச்சு?"

"எங்கவே நின்னுச்சு? ரெண்டு ஊசியும் ஆடுதுல்லா?"

"என்னா தெளிவு!" என்றார் மச்சான்.

பூவனலிங்கம் உறையைத் தூக்கினான். தையலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அது என்னது தகடு, பேரெல்லாம் போட்டு? இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் மச்சான்.

பூவனலிங்கம் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பெயர்த் தகட்டைக் கழற்றி அதே பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வெளியேறினான்.

ராமலட்சுமி உறையைத் திரும்பப் போட்டார். தகடு இருந்த இடத்து ஓட்டைகள் வெளியே தெரியவே இல்லை. அவ்வளவு கச்சிதமாகத் தைத்திருந்தேன்.