நாலு நிலாவும் ஒரு ஜோடி லென்ஸும்

என் வீட்டுக்காரருக்கு நிலா நாலாகத் தெரிகிறது என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு பௌர்ணமியன்று, மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது. "இன்னா மே, நாலு நிலா ஒண்ணு மேல ஒண்ணு குந்திகினு கீது" என்றார், வெகு சாதாரணமாக. குடித்திருக்கிறாரோ என்று கிட்டப்போய் மோந்து பார்த்தேன். குடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு அவரை விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஏனென்றால் இந்த மனுஷன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். ஏழெட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய், பத்துப் பதினைந்து நாள் கழித்து, பெரும்பாலும் இருட்டில்தான் கரைக்குத் திரும்புவார். துறைமுக வாயில் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, இன்னொரு பக்கம் பச்சை விளக்கு. இரண்டுக்கும் நடுவில் படகை நுழைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருங்கல் குவியல். அந்த விளக்கெல்லாம் எத்தனை தெரிகிறது என்று கேட்டேன். சிவப்பு நாலைந்து, பச்சை நாலைந்து, எல்லாவற்றுக்கும் நடுவில் குத்துமதிப்பாக விட்டுவிடுவேன் என்றார். குத்துமதிப்பாக! நான் ராயபுரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். ஒரு ஜாக்கெட் அளவைக்கூட நான் குத்துமதிப்பாக எடுத்ததில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. படகு கிளம்பும்போது வீட்டுப் பெண் கண் கலங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கோ அவர் படகில் கால் வைத்த உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கல்யாணமான புதிதில் அதற்காக அவர் படகிலிருந்தே போன் போட்டுத் திட்டுவார். சில வருஷமாகத் திட்டுவதில்லை. நான் படகு கட்டுகிற வார்ஃபில் நின்று தாராளமாக அழுவேன், அவர் பல்லைக் காட்டிக் கையசைத்துக்கொண்டே போவார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்திருந்தேன். என் மூஞ்சியே அவருக்குத் தெரியவில்லை என்பது நாலு நிலாவுக்கு அப்புறம்தான் விளங்கியது.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழி உருண்டையாக இல்லாமல் கூம்பு மாதிரி முன்னால் தள்ளியிருக்கிறது என்றார். கண்ணைக் கசக்கிக் கசக்கி அது கூடியிருக்கலாம் என்றும் சொன்னார். டீசல் புகை, உப்புக் காற்று, தூக்கமில்லாத இரவு, கசக்காமல் யார் இருப்பார்கள்? மூக்குக் கண்ணாடி இதற்கு எடுபடாது, லென்ஸ்தான் வழி என்று எழுதிக் கொடுத்தார்.

படகு முதலாளி நல்ல மனுஷர். ஆனாலும் விஷயம் தெரிந்ததும் கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணு சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தரமாட்டேன், படகில் வருகிறவன் ஒவ்வொருவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது என்றார். லென்ஸ் வாங்கினால் மட்டும் போதாதாம். தூங்கும்போது கழற்றி, எழுந்ததும் மாட்ட வேண்டிய சமாச்சாரம் அது. நடுக்கடலில் ஆடுகிற படகில் அதைத் தானே மாட்டத் தெரிய வேண்டும், மாட்டிவிட உன் பெண்டாட்டி வரமாட்டாள் என்றார். வரமுடியாதுதான். எங்கள் பக்கம் பெண்கள் தொழிலுக்குப் போகிற படகில் ஏறுவதில்லை.

தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மீன் முட்டையிடும் காலம் என்று இரண்டு மாதத்துக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குக் கெடு. அதற்குள் கற்றுக்கொண்டால் டிரைவர். இல்லையென்றால் வலை இழுக்கிற ஆளாகப் போக வேண்டும், இல்லை ஐஸ் கம்பெனியில் கட்டி தள்ள வேண்டும். அவரைக் கரையிலேயே வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடிக்காத அவரை நான் பார்த்திருக்கிறேன். தடைக்காலம் வந்தாலே என் நூல்கண்டு டப்பாவை எல்லாம் எடுத்துக் கலர் கலராக அடுக்கிவைத்துவிட்டு, சாயங்காலம் ஆனால் வார்ஃபில் போய், கட்டிப்போட்ட படகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை வருஷம் முழுக்கப் பார்க்க என்னால் ஆகாது.

டோல்கேட் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை. அங்கே லென்ஸ் போட்டுவிடுகிற பாய் பொறுமைசாலி. முதலில் சாஃப்ட் லென்ஸ் கொடுத்துப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது என்று இவருக்கு ஏக சந்தோஷம். ராத்திரி மாடிக்குப் போய்ப் பார்த்தால் நாலு நிலா மூன்று நிலாவாகியிருந்தது, அவ்வளவுதான். லென்ஸ் மெத்தென்று இருப்பதால் அதுவும் கூம்பு மாதிரியே வளைந்துகொள்கிறது என்றார் பாய்.

அடுத்தது ஹார்ட் லென்ஸ். சின்னது, கெட்டியானது. அதைப் போட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் கண் இரண்டும் குழாயாய் ஊற்றியது. பழகிவிடும் என்று பாய் சொன்னதை நம்பி ஷேர் ஆட்டோவில் ஏறினோம். கண்டெய்னர் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இவர் கண்ணை இறுக்கிச் சிமிட்டினார். லென்ஸ் தெறித்து எங்கேயோ விழுந்துவிட்டது. ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி, உள்ளே இருந்தவர்களை எல்லாம் காலைத் தூக்கச் சொல்லி, நான் குனிந்து தேடுகிறேன். ஒரு அம்மா மீன் கூடையோடு காலைத் தூக்கிக்கொண்டு, இன்னா தேடுற, கம்மலா என்று கேட்டாள். அவர் கண்ணைத் தேடுகிறேன் என்றேன். கடைசியில் அது அவர் சட்டைப் பித்தானில் ஒட்டிக்கொண்டிருந்தது. புழுதி இல்லாத ரோடு எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது? அதுவும் வேண்டாம் என்று முடிவானது.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய லென்ஸ். ஸ்கிலீரல் என்று அதற்குப் பேர். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னது, குழிந்த கிண்ணம் மாதிரி இருக்கும். கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழிமேல் உட்காரும், அதனால் உறுத்தாது, தெறித்தும் விழாது. ஒரே ஒரு தொல்லை. கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் மருந்தை நிரப்பி, முகம் தரையைப் பார்க்கக் குனிந்து, தண்ணீர் சிந்தாமல் கீழிருந்து மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். உள்ளே ஒரு குமிழி நின்றாலும் பார்வை கெடும், கழற்றி மறுபடி வைக்க வேண்டும்.

கெளுத்தி முள் குத்தினால் பல்லால் பிடுங்கிப் போடுகிறவர் என் வீட்டுக்காரர். விரல் கண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைச் சுவரில் போய் முட்டினார். பாய் சிரித்துவிட்டார். கடைசியில் நான்தான் கையைக் கழுவிக்கொண்டு வைத்தேன். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. இரண்டு கண்ணிலும் போட்டபிறகு அவர் வாசல் பக்கம் பார்த்தார். எதிர்ச்சாரியில் நின்ற பஸ்ஸின் போர்டை எழுத்துக்கூட்டாமல் படித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"கன்னத்துல இந்த மச்சம் எப்ப மே வந்துச்சு?"

"கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சுய்யா" என்றேன். பாய் ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் எங்கள் வீட்டில் அதுதான் முதல் வேலை. அவர் என் தையல் மேசை மேல் குனிந்து நிற்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கீழேயிருந்து லென்ஸை உயர்த்துவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே கருப்பட்டி நிறம். எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடித்திருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் கற்றுக்கொள்ள மாட்டார் என்று பயம்.

தானாக மாட்டவும் பழகினார். சிந்துவார், குமிழி நிற்கும், கெட்ட வார்த்தை வரும், மறுபடி வைப்பார். ஒரு மாதத்தில் மூன்று தடவைக்கு ஒரு தடவை சரியாக உட்கார்ந்தது. கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று நானும் தெம்பாக இருந்தேன். அப்போதுதான் வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்தார்.

ஸ்டைல் என்றார். நான் வெடுக்கென்று பிடுங்கினேன். வலது கண் வஞ்சிர மீனின் செவுள் மாதிரி சிவந்திருந்தது. இன்னாய்யா பண்ணே என்று கேட்டு, அதட்டி, அழுது, ஒருவழியாக விஷயம் வெளியே வந்தது. நீண்ட பயணத்தில் மருந்துத் தண்ணீர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார். சின்னப் படகுகளுக்குத் தடை இல்லாததால் அவருடைய தோஸ்து ஒருவர் ஃபைபர் படகில் போய்வந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லி, தூரக் கடலிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவரச் செய்து, அதை நிரப்பி மாட்டிப் பழகியிருக்கிறார்.

"நீலத் தண்ணி மே" என்றார். "கரையில கீற கலீஜு தண்ணி இல்ல. கால்ல முள்ளு குத்துனா அதுலதான கழுவுறோம்? எத்தினி காயம் ஆறிப்போயிருக்கு."

"கண்ணும் காலும் ஒண்ணாய்யா?"

கூலிங் கிளாஸை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கடலைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியாது, அதுதான் விஷயம். அவர் அப்பா, தாத்தா காலத்திலிருந்து புண்ணுக்கு அதுதான் மருந்து. பாய் எத்தனை சொல்லியிருந்தாலும், குழாய்த் தண்ணீர் கூடாது என்பது மண்டையில் ஏறும், நீலத் தண்ணீர் கூடாது என்பது ஏறாது.

டாக்டர் என் முன்னாலேயே அவரைக் காய்ச்சி எடுத்தார். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும், கருவிழியில் புண் தொடங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தழும்பாகிப் பார்வை போயிருக்கும் என்றார். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. முழுசாக ஆறும்வரை லென்ஸைத் தொடவே கூடாது. நானே அலாரம் வைத்துக்கொண்டு ராவும் பகலும் ஊற்றினேன், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு திட்டு சேர்த்து.

புண் ஆறுவதற்குள் தடைக்காலம் முடிந்துவிட்டது. சர்ச் ஃபாதர் வந்து படகுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். இவர் ஓட்டுகிற படகு வேறொரு டிரைவரோடு கிளம்பியது. இவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வார்ஃபில் நின்று கடைசிப் படகு வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார். சோறு வேண்டாம் என்றார். தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "போயிடுச்சு மே" என்றார். அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

கண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன அன்றே மறுபடி பழக ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் ஸ்டூலில் உட்காரவில்லை. சமையல் கட்டில் நின்றுகொண்டு, சிந்தினாலும் எட்டிப் பார்க்காமல் இருந்தேன். அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மிச்ச நேரத்தில் ஜாக்கெட் லைனிங் துணியில் ஒரு நீளப் பை தைத்தேன். மருந்துத் தண்ணீர் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வரும், ஒரு தடவைக்கு ஒன்று. ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு அறை. ஓரத்தில் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ஒன்று, லென்ஸைப் பிடிக்கிற ரப்பர் குச்சிக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று. போகிற நாளுக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு குப்பி வைத்தேன். நீலத் தண்ணீர் ஞாபகமே வரக்கூடாது.

படகு திரும்பி வந்து, மீன் இறக்கி, ஐஸ் ஏற்றியது. இரண்டாவது பயணத்துக்கு முதலாளி இவரை வரச்சொன்னார். பொழுது சாய்கிற நேரம், துறைமுக வாயில் விளக்கு போட்டுவிட்டார்கள். முதலாளி படகில் ஏறி நின்றார். எஞ்சினைப் போடச் சொல்லி, படகு ஆடும்போது தன் கண் முன்னால் லென்ஸை மாட்டிக் காட்டச் சொன்னார்.

இவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். நான் வார்ஃபில், படகுக்கு இரண்டு அடி தள்ளி. ஒரு எட்டு வைத்தால் ஏறிவிடலாம், ஏற முடியாது. முதல் தடவை தண்ணீர் சிந்தியது. இரண்டாம் தடவை குமிழி. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூஞ்ச நல்லா குனிய்யா" என்று கத்திவிட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை, இன்னும் குனிந்தார். வலது கண்ணில் உட்கார்ந்தது. இடது கண்ணில் ஒரே தடவையில் உட்கார்ந்தது.

முதலாளி துறைமுக வாயைக் கைகாட்டி, எத்தனை விளக்கு என்று கேட்டார். இவர் அவசரப்படாமல் பார்த்தார்.

"செவப்பு ஒண்ணு. பச்ச ஒண்ணு."

முதலாளி ஸ்டியரிங் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினார். கயிற்றை அவிழ்த்தார்கள். படகு விலகியது. நான் வழக்கம்போல நின்று, வழக்கம்போல அழ ஆரம்பித்தேன். இத்தனை வருஷப் பழக்கம், யோசித்தா வருகிறது? படகு துறைமுக நடுவுக்குப் போனதும் என் கையிலிருந்த போன் அடித்தது.

"இன்னாத்துக்கு மே அழுவுற? இங்கருந்தே நல்லா தெரியுது."

நான் துடைத்துக்கொள்ளவில்லை. நல்லாப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே நின்றேன்.