இழைப்பு மெஷின் செல்வமணி அக்கா

பம்மலில் இழைப்பு மெஷின் ஓட்டிவந்த செல்வமணி அக்கா சென்ற வாரம் காலமானார். தாம்பரத்தில் என் மர டிப்போவில் நிலைச் சட்டத்துக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவ பூட்டாண்ணா" என்றார்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. உள்ளே கொண்டுபோகும் முன் நகையெல்லாம் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா தாலியைக் கழற்றி ஏழுமலையின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாராம். துக்கத்துக்கு வந்த வெளியூர் உறவுகள், ஆம்பளை கழுத்தில் மஞ்சள் கயிறு தொங்குவதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவரோடு தொழில் செய்த எங்களுக்கு அது புதிதல்ல. அவரைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த மெஷினை ஓட்டியது ஏழுமலைதான். ஒரு பக்கம் பலகையை விட்டால் மறுபக்கம் மழமழவென்று வரும். உள்ளே சுழலும் கட்டரை மாற்றிவிட்டால் அதிலேயே கதவு, ஜன்னல் ஓரத்துக்கு மோல்டிங்கும் போடலாம், பீடிங்கும் போடலாம். மரச்சுருள் அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகுமே என்று எங்கள் தொழிலில் ஓடும்போதே கையை விடுவார்கள். ஏழுமலையும் விட்டார். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

மெஷின் விலைக்கு வரும் என்று பேச்சு கிளம்பியது. நானும் விசாரிக்கப் போனேன். வியாபாரி பிறகு எதற்கு இருக்கிறான்? அக்கா ஷெட் வாசலில் உட்கார்ந்து பேரிங்குக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டிப்போ அண்ணா, ஆளப் பாக்க வந்தியா, மெஷினப் பாக்க வந்தியா?"

"ரெண்டையுந்தான்."

"ஆளு உள்ள படுத்துகினு கீறாரு, போய்ப் பாரு. மெஷினு விக்கிறதுக்கு இல்ல. பலக இருந்தா அனுப்பு, நான் இழைச்சுத் தரேன்."

அந்த மெஷினை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் பலகையை இரக்கப்பட்டு அனுப்பவில்லை. வேலை எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் வேப்பம் பலகை அனுப்பினேன். கட்டுப்போட்ட கையோடு ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்து கத்துவார், "சத்தம் மாறுது, நிறுத்து!" அக்கா நிறுத்திவிட்டு, "எனக்கு இன்னா காது செவுடா?" என்பார். பலகை வந்தது. கையால் தடவிப் பார்த்தேன், ஓர் அலை இல்லை. அடுத்த லோடு தேக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மெஷினில் ஒட்டிய மரப்பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காமல் அவர் வீட்டுக்குள் போகமாட்டார். மோல்டிங் பிளேடை ஜோடியாகத்தான் மாட்ட வேண்டும். ஒன்று எடை கூடினால் மெஷின் ஆட்டம் போடும். அக்கா சாணை பிடித்த ஜோடியை அடகுக் கடைக்கு எடுத்துப்போய் நகைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்.

"இன்னாம்மா, பிளேட அடகு வைக்க வந்தியா?" என்று கடைக்காரர் கிண்டல் செய்தால், "உன் தராசு பொய் சொல்லுதான்னு பாக்க வந்தேன்" என்பார்.

பேச்சு சுவாரசியத்தில் என் லாரி டிரைவர் ஒருமுறை கட்டர் பக்கம் சாய்ந்துவிட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னது இன்றும் எனக்குக் கேட்கிறது: "மெஷினுக்குக் கண்ணு இல்ல, காது இல்ல, பல்லு மட்டும்தான் கீது."

அந்தப் பயத்தில்தான் சுவிட்சைப் போடுவதற்கு முன் வளையலையும் தாலியையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அதில்தான் ஒருநாள் வம்பு வந்தது.

பள்ளிக்கரணையில் வீடு கட்டிய தம்பதி, முழு வீட்டுக்கும் மரவேலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வாசல் நிலை இழைப்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அழைத்துப் போனேன். அந்த அம்மாள் ஆணியைப் பார்த்தார், பிறகு அக்காவின் கழுத்தைப் பார்த்தார்.

"ஏங்க, புது வீட்டு நிலை. இழைக்கிறவங்க கழுத்துல தாலி இல்லியே!"

"கழுத்துல இருந்து கட்டர்ல மாட்டிச்சுன்னா, மெஷினுக்குக் கட்டிக்கினா மாதிரி ஆயிடும்மா" என்றார் அக்கா.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "எனக்கு மனசு ஒப்பலை. மரத்தை ஏத்திடுங்க, வேற எடத்துல பாத்துக்கலாம்."

போவது ஒரு நிலை மட்டும் அல்ல. செல்வமணி தொட்ட நிலை ஆகாது என்று ஒரு சொல் பரவினால், அந்த ஷெட்டுக்கு யாரும் மரம் அனுப்ப மாட்டார்கள். மெஷினை விற்க வேண்டியதுதான். அக்காவுக்கும் அது புரிந்துவிட்டது. முகம் சிறுத்துப்போனது. பிறகு ஆணியிலிருந்து தாலியை எடுத்தார்.

"யோவ், இங்க வா. குனி."

ஏழுமலை குனிந்தார். அவர் கழுத்தில் போட்டார்.

"இப்ப பாரும்மா. தாலி வூட்ட வுட்டு எங்கியும் போவல. கட்னவன் கழுத்துலயே கீது."

ஏழுமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏம்மா, எனக்கு நல்லாக்கீதா?" என்றார்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சரி, ஓட்டுங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள முடிங்க."

நிலை குறித்த முகூர்த்தத்தில் நின்றது. அந்த அம்மாள் தெருவெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, எனக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். அன்று முதல் மெஷின் ஓடும்போதெல்லாம் தாலி ஏழுமலையின் கழுத்தில்தான். மரம் வாங்க வருகிறவர்கள், "இன்னாண்ணா, இன்னிக்கும் நீதான் சுமங்கலியா?" என்று கேட்பார்கள். "ஆமா, அவ நல்லாக்கீற வரைக்கும்" என்பார் அவர்.

விரலில்லாத ஏழுமலையால் தனியாக மெஷின் ஓட்ட முடியாது. காரியம் முடிவதற்குள்ளேயே இரண்டு பேர் வந்து விலை கேட்டுவிட்டார்கள். நேற்று நானும் போனேன்.

"நீயும் வெலைக்குத்தான் வந்தியாண்ணா?"

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப வேற பேசுவோம்."

விமானம் ஒன்று தாழ்வாகப் போயிற்று. இத்தனை வருஷம் அந்த ஷெட்டில் நின்றிருக்கிறேன், மெஷின் ஓடாத நேற்றுத்தான் அதன் இரைச்சல் முழுதாகக் காதில் விழுந்தது. என் ஆள் வந்து மெஷினை ஓட்டட்டும், கூலியில் எனக்கு இரண்டு பங்கு, அவருக்கு ஒரு பங்கு என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பி, "கெளம்புண்ணா" என்றார். மறுபடி உட்கார்ந்து பேசினோம்.

போய் வாருங்கள், அக்கா. நீங்கள் இல்லாமல் பேசி முடித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஏழுமலையுடையது, பம்மலை விட்டு நகராது. ஓட்டுவதற்கு என் டிப்போவிலிருந்து ஆள் வருவான். ஏழுமலை நிறுத்து என்றால் அவன் நிறுத்த வேண்டும். அவன் சம்பளம், கரண்டு, பெல்ட், பேரிங் எல்லாம் என் செலவு. வருகிற கூலியில் எனக்குப் பாதி, அவருக்குப் பாதி.