இன்னும் வராத துகளுக்கு அளவெடுத்தேன்

கண்ணால் பார்க்காத பொருளை அளக்கும் தொழிலில், அளப்பதைவிட அடுத்தவருக்கு விளக்கம் சொல்வதுதான் பெரிய வேலை. பாடமும் நடத்திக்கொண்டு, பகுதி நேரமாகப் பிஎச்.டி.யும் செய்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வேண்டுதல்

2004-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். ஆராய்ச்சி, ஹிக்ஸ் என்ற துகளைப் பற்றி. துகள்களை மோதவிடும் பெரிய இயந்திரங்களில் அதை அப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தால், அது மற்றத் துகள்களோடு எவ்வளவு வலுவாகப் பிணையும், கொள்கை சொல்லும் அளவிலிருந்து விலகினால் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது என் வேலை. வீட்டுக்கார அம்மாவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வல்லக்கோட்டை முருகனாண்ட வேண்டிக்கினு கீறேன் டீச்சர். காணாப்போன சாமான் கெடைச்சிடும்."

மூடிப் பார்த்தீர்களா?

அறைத்தோழி செல்வி தென்காசிப் பெண். ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை வெர்னியர் என்ற இடுக்கி அளவுகோலால் அளந்து பார்க்கும் குவாலிட்டி பிரிவில் வேலை. ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு மூன்றே வாரம் இருந்தது. தவறினால் பதிவு ரத்து, ஆறு வருட உழைப்பு வீண். கொள்கையில் இல்லாத ஒரு புதுப் பிணைப்பைச் சேர்த்தால் ஹிக்ஸ் ஜோடிகள் இரண்டு மடங்கு பிறக்கும் என்று என் கணக்கு காட்டியது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அதைச் செல்வியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள் செல்வி: "வெர்னியரை மூடுனா பூச்சியம் காட்டணும்லா. ஒங்க கணக்க மூடிப் பாத்தியளாக்கா?"

லீவு

புதுப் பிணைப்பைப் பூச்சியமாக்கி ஓட்டினேன். ஊரறிந்த பழைய விடை வரவேண்டும். அப்போதும் இரண்டு மடங்கே வந்தது! ஒரே மாதிரி இரண்டு ஹிக்ஸ் பிறக்கும் இடத்தில், ஒரே ஜோடியை இடம் மாற்றி இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

விடையைப் பாதியாக்கினால் மட்டும் போதாது, அதை நம்பிப் போட்ட மற்றக் கணக்குகளும் தப்பு. எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட என் ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு மாதக்கணக்கில் ஆகும். கல்லூரியோ கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. லேப் அட்டெண்டர் ஏழுமலை அனுமதி வாங்கி, மணிமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, லேபைத் திறந்து அத்தனை கம்ப்யூட்டர்களையும் போட்டுக் கொடுத்தார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கணக்கு முடிந்தது. லீவைக் கெடுத்துவிட்டேனே என்று வருந்தினேன். "வூட்ல குந்திகினு இருந்தா மட்டும் இன்னா மேடம், மாமியாரோட சண்டதான். இங்க ஃபேனாச்சும் கீது."

கையெழுத்து

இரண்டு மடங்கு என்பது துளியளவு வித்தியாசமாகச் சுருங்கியதை வழிகாட்டிப் பேராசிரியரிடம் பயந்துகொண்டே சொன்னேன். "துளியா இருந்தாலும் நம்பலாம்" என்றார். நன்றியுரையில் பேராசிரியர்களோடு செல்வி, ஏழுமலை பெயர்களையும் எழுதினேன்.

பட்டம் வந்த அன்று என் பிரதியைச் செல்வியிடம் கொடுத்தேன். தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாம் சரிக்கா, செக் பண்ணுனவங்க கையெழுத்து எங்க?"

பேனாவை நீட்டினேன். இல்லாத துகளை அளந்து டாக்டரானவள் என்று யார் கேலி செய்தாலும், முறைப்படி குவாலிட்டி பார்த்துக் கையெழுத்தான ஆய்வேடு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.