இல்லாத கறள்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் எனக்குச் சகலன். என்னைவிட எட்டு வயது இளையவன். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். நல்லவன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது முழுக்க அவன்மேல் எனக்கு இருந்த எரிச்சலைப் பற்றித்தான்.

இருபத்தாறு வருசமாக வெக்ஸ்போர்ட்டில் ஒரு கராஜில் கார் பொடி வேலை செய்கிறேன். நெளிவெடுப்பேன், துருவேறிக் கறள் பிடித்த தகட்டை வெட்டி மாற்றுவேன், பெயின்ற் அடிப்பேன். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் பழைய கார் வாங்குவதென்றால் முதலில் என்னிடம் காட்டுவார்கள். நான் 'ஓம்' என்றால் வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் விட்டுவிடுவார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் மரியாதை அது ஒன்றுதான்.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த முதல் கோடையில், பார்க்டேலில் பாத்திரம் கழுவும் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கார் வந்து சிக்னலில் நின்றது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். கூரை திறந்திருந்தது. படகுபோல நீளம். பின்னால் மீன்செட்டைமாதிரி இரண்டு கூர், உள்ளே சிவப்புத் தோல் சீற். ஓட்டி வந்த கிழவன் ஒரு கையைக் கதவில் போட்டிருந்தான். என் பஸ் வந்து போனதுகூடத் தெரியாமல் நின்றேன். இந்தக் கதையைச் சகலனுக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அதைத்தான் சொல்வேன்.

போன வருசம் அவன் போன் எடுத்தான். வீடு வாங்கி விற்கும் தொழில் அவனுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணை, நீங்கள் சொல்லுற அந்தக் கார் மாதிரியே ஒண்டு விலைக்கு வந்திருக்கு. வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

என்னுடைய கார்! நான் சொல்லிச் சொல்லி அவன் மனசில் ஏற்றிவிட்ட கார். வயிறு எரிந்தது. ஆனாலும் போனேன்.

காந்தத்தைத் துணியில் சுற்றிப் பக்கமெல்லாம் வைத்துப் பார்த்தேன். பெயின்றுக்குக் கீழே கறள் ஓட்டையை மறைக்கப் பூச்சு அடைத்திருந்தால் காந்தம் பிடிக்காது. இதிலோ எல்லா இடமும் 'டக்'கென்று பிடித்தது. கீழே படுத்து டோர்ச் அடித்தேன். பனிக்கு உப்புப் போட்டுத் தகட்டைக் கறளாக்கும் றோட்டையே காணாத கார். அப்படியொரு சுத்தமான அடித்தகட்டை நான் இந்த இருபத்தாறு வருசத்தில் பார்த்ததில்லை. படுத்த இடத்திலிருந்து சகலனின் சப்பாத்து இரண்டும் தெரிந்தன. பொறுமையில்லாமல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தன.

எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு சொன்னேன். "தம்பி, இது வேண்டாம். டிரைவர் சீற்றுக்குக் கீழை முழுக்கக் கறள். ஒருநாள் தகடு உடைஞ்சு விழும்."

வைக்கல் பட்டடை நாய் என்று சொல்வார்களே, அது நான்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீன்குழம்புக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அந்தக் கார் எங்கள் கராஜ் வாசலில் வந்து நின்றது. சிரித்துக்கொண்டே சகலன் இறங்கினான்.

"மனம் கேக்கேல்லை அண்ணை, வாங்கிப்போட்டன். கறள் எண்டால் என்ன, அண்ணை இருக்கிறார்தானே. அதை வெட்டி எடுத்துத் தாங்கோ. வெள்ளிக்கிழமை கோயிலிலை பூசை."

கார்த் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டான். இப்படிப்பட்ட கார்களில் கை படாத அடித்தகட்டுக்குத்தான் மதிப்பு. வெட்டினால் கார் கெட்டது. வெட்டாமல் விடுவதென்றால் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் இனி ஸ்காபரோவில் யார் என்னிடம் கார் கொண்டுவந்து காட்டுவான்?

செவ்வாய்க்கிழமை வெட்டும் மெசினை எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன். சத்தியமாக வெட்டத்தான் படுத்தேன். கை போகவில்லை. சகலன்மேல் இருந்த பாசத்தால் அல்ல, அந்தத் தகடு அவ்வளவு வடிவு. புதன்கிழமை கூரையைத் திறந்துவிட்டு வோபர்ன் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். பஸ் தரிப்பில் நின்ற ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நானும் ஒரு கையைக் கதவில் போட்டேன். அடுத்த சிக்னல் வரைக்கும் அது என் கார்தான். வெட்டாத தகட்டை அவன் கீழே படுத்தா பார்க்கப்போகிறான்? வியாழக்கிழமை சகலனுக்குப் போன் எடுத்து, "வேலை முடிஞ்சுது" என்றேன். காசு தரட்டோ என்று கேட்டான். சொந்தத்துக்குள் என்ன காசு என்றேன். பெரிய மனசு என்று என் மனைவியிடம் சொன்னானாம்.

அவள் ஏமாறுகிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், "முதல் தேங்காயை உங்கடை கண்ணூறுக்குத்தான் உடைக்கவேணும்" என்று என் காதுக்குள் சொன்னாள்.

ஐயர் காரின் முன்பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு ரயருக்குக் கீழும் தேசிக்காய் வைத்தார். அதை நசித்துக்கொண்டு காரை எடுப்பது வழக்கமாகக் காருக்குச் சொந்தக்காரன். ஆனால் சகலன் திறப்பை எனக்கு நீட்டினான். "அண்ணைதான் எடுக்கவேணும். சுகப்படுத்தினது அவரெல்லோ." ஆட்கள் கைதட்டினார்கள். நான் ஏறினேன், அவன் பக்கத்தில் இருந்தான். தேசிக்காய்கள் நசியும் சத்தம் கேட்டது.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை" என்றான். "வாங்க முதல் ஒரு வெள்ளைக்காரனிட்டையும் காட்டிப் பாத்தனான். பழைய கார்தான் அவன்ரை தொழில். துளி கறளும் இல்லை எண்டான். எங்கடை அண்ணை பாத்துச் சொன்னால் பிழை வராது, உனக்குத்தான் கண் தெரியேல்லை எண்டு பேசிப்போட்டு வந்தனான்."

அவன் முகத்தில் நக்கல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். லொத்தர் விழுந்தால் இப்படி ஒரு காரை நானும் வாங்கலாம். ஒருவனை இப்படி நம்புகிற மனசை எங்கே போய் வாங்குவது? அதுவும் அவனிடம்தான் இருந்தது. எனக்கு எரிச்சல் இன்னும் கூடிவிட்டது.