பொன்வண்டின் குஞ்சு

தோணிரேவில், கோட்டைக்குப் போகும் தோணிக்காகக் காத்திருக்கிறேன். ஒல்லாந்து வைத்தியரின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி நான். மலையில் ஒரே செடியின் இலையைத் தின்றுகொண்டிருந்த இரண்டு பூச்சிகளை அவருக்காக மூங்கில் கூட்டில் கொண்டுவருகிறேன். ஒன்று பொன்வண்டு. மற்றது இறக்கையில்லாத பச்சைப் பூச்சி. அது வண்டின் குஞ்சு என்று நினைத்து, "தாயும் குஞ்சும் வருகின்றன" என்று நேற்றே ஓலை அனுப்பிவிட்டேன். என் சொல்லை நம்பித்தான் அவர் தம் ஊருக்கு எழுதுவார்.

இலை போடக் கூட்டைத் திறக்கிறேன். உள்ளே மூன்று இருக்கின்றன. பொன்வண்டு, வெளிறிப்போய் அசையாத குஞ்சு, எங்கிருந்தோ வந்த ஒரு வெட்டுக்கிளி.

பக்கத்தில் வலை உலர்த்தும் முனியம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"குஞ்சு செத்துப்போச்சும்மா" என்கிறேன்.

அவள் அதை விரலால் தொடுகிறாள். வெறும் தோல்.

"சாவல, துபாசியாரே. நண்டு ஓடு கழட்டுதில்ல, அந்த மாதிரி கழட்டிப் போட்டுக்கீது. தோ, ரெக்க மொளச்சி குந்திக்கீது பாருங்க."

வெட்டுக்கிளியின் மெல்லிய இறக்கை முதுகோடு நீளமாக மடிந்திருக்கிறது. வண்டின் இறக்கையோ கெட்டி மூடிக்கு அடியில்.

"வண்டும் இதுவும் ஒரே எலையத்தானே தின்னுது?" என்கிறேன்.

"அதுக்கு இன்னா? கோட்டக்காரங்களும் நாங்க புடிக்கிற மீனத்தான் துன்றாங்க. எங்களுக்கு சொந்தமா?"

தோணி அக்கரை சேர்கையில் வைத்தியர் காத்து நிற்கிறார். "எழுதியது தப்பு. இரண்டுக்கும் உறவில்லை" என்கிறேன்.

அவர் கூட்டைத் தூக்கிப் பார்க்கிறார். "அப்படியானால் பொன்வண்டின் குஞ்சு எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.