புளிமீன் வெந்ததா?

கணவன் கம்பாவ் ஈரலில் கட்டி வந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துச் செத்தான். எல்லாம் மீன்புழு செய்த வேலை என்றார்கள். அன்றே லாம்தியன் புழு மருந்தை விழுங்கினாள். பச்சை மீனையும் விட்டாள்.

சீ என்ற ஆற்றின் கரையில் பச்சை மீனை விடுவது உறவை விடுவது போலத்தான். கொத்திய மீனில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து நடுவில் வைத்தால், சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே தட்டில் கைபோடுவார்கள். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் பக்கத்து வீட்டுத் தோங்பாய் சீண்டுவாள்: "நமக்கெல்லாம் புழு வயிறு, இவளுக்குப் பொன்னு வயிறு!"

லாம்தியன் விருந்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் பசையரிசிச் சோற்றை உருட்டித் தனியாகத் தின்றாள்.

சுகாதார நிலையத்தில் புது ரத்தப் பரிசோதனை வந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு. பட்டையில் ஒரு கோடு விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு விழுந்தால் புழு. லாம்தியனுக்கு இரண்டு விழுந்தது.

"பாத்தியா! கதவைச் சாத்திக்கிட்டு ஒளிச்சுத் தின்னிருக்கா கள்ளி!" என்று தோங்பாய் சிரித்தாள். வரிசையே சிரித்தது.

நர்ஸ் சுதாரத் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"பயப்படாதீங்கம்மா. புழு செத்தாலும் ரத்தத்துல அதோட தடம் ரொம்ப நாள் இருக்கும். இது பழைய தடமாக்கூட இருக்கலாம். மருந்து போட்டதுக்கு அப்புறம் பச்சையா எதுவும் தின்னலியே?"

"சத்தியமா இல்ல. வெந்ததுதான்."

"வெந்ததுன்னா?"

"புளிமீன். சோறும் உப்பும் போட்டு நானே ஜாடியில ஊற வைக்கிறேன். ஒருத்திக்கு அது போதும்."

"பொரிச்சுத் தின்பீங்களா?"

"எதுக்கும்மா? புளிச்சு வெள்ளையானா சுக்தானே?"

அவர்கள் பேச்சில் வெந்ததும் சுக், பழுத்ததும் சுக்.

"புளிப்புல மீன்தான் பழுக்கும்மா. அடுப்புல வெச்சாத்தான் புழு சாகும்."

லாம்தியன் தன் விரலில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தை விட்டாள், ஆட்களை விட்டாள். புழுவை மட்டும் விடவில்லை.

மலப் பரிசோதனையில் புழு முட்டை இருந்தது. சுதாரத் மாத்திரைகளைக் கொடுத்தாள். "தலை சுத்தும். துணைக்கு வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் லாம்தியன்.

சாயங்காலம் மாத்திரையைப் போட்டுக்கொண்டதும் தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"தோங்பாய்!"

"என்னடி?" வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்காம எங்க போவேன்? பைத்தியம், போய்ப் படு."

அவள் படுக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் ஓயும்வரை ஜன்னலைப் பிடித்தபடியே நின்றாள்.